பலங்கா ராயாவின் புகைப் பருவம்: ஒரு வரலாற்று நோக்கு

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும், போர்களையும், வாணிபத்தையும், நிலவுடைமை முறைகளையும் ஆராய்ந்து வந்த வரலாற்றியல், மனிதர் சுவாசிக்கும் காற்றினை நெடுங்காலமாகத் தனக்குரிய பொருளாகக் கொண்டதில்லை. காற்று இயற்கையைச் சார்ந்தது, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்காதது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். கைத்தொழில் நகரங்களின் காற்று மட்டும் ஓரளவு கவனம் பெற்றுள்ளது. 1952 டிசெம்பரில் இலண்டன் மாநகரைச் சூழ்ந்த நிலக்கரிப் புகை பற்றிய ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும். ஆயின், பெருந்தொழிற்சாலைகள் சூழாத, காடும் சதுப்பும் சூழ்ந்த வெப்பமண்டல உள்நாட்டு நகரொன்றின் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது இன்னும் பரவலாக உணரப்படவில்லை. இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத் தலைநகராகிய பலங்கா ராயா இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

போர்னியோத் தீவின் தென்பகுதியில், ககாயான் ஆற்றின் கரையில் அமைந்த இந்நகரில் ஆண்டுதோறும் யூலை முதல் ஒக்ரோபர் வரை மழை குறைகின்றது. வரட்சி கடுமையாகும் ஆண்டுகளில் சுற்றுப்புற நிலங்கள் எரிந்து, புகை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நகரை மூடுகின்றது. மக்கள் இக்காலத்தை ‘மூசிம் அசாப்’, அதாவது புகைப் பருவம், என வழங்குவர். ‘மொன்சூன்’ என்ற சொல்லுக்கு மூலமாகிய அரபுச் சொல்லிலிருந்தே ‘மூசிம்’ என்ற மலாய்ச் சொல்லும் தோன்றியது. மழைக்காலம் வருவது போலப் புகைக்காலமும் வரும் என்ற எண்ணம் இவ்வழக்கில் அடங்கியுள்ளது. எனவே, இப்புகை மழையையும் காற்றையும் போன்று இயற்கை வகுத்த பருவமா, அன்றி மனிதர் செயலால் குறிப்பிட்டதொரு காலத்திலே தோன்றியதா என்ற வினா எழுகின்றது. புகையின் பொறுப்பு யாரைச் சாரும் என்பது இவ்வினாவுக்கான விடையிலேயே தங்கியிருத்தலால், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இவ்வினாவை அணுகுவதற்கு முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பலங்கா ராயாவைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி ‘பீற்’ எனப்படும் மட்கு நிலமாகும். நீரில் மூழ்கிக் கிடக்கும் இலையும் வேரும் மரமும் ஒட்சிசன் இன்மையால் முற்றாக அழுகாது, அடுக்கடுக்காகப் படிவதனால் இந்நிலம் உருவாகின்றது. நகருக்கு அண்மையிலுள்ள செபாங்காவ் ஆற்றுப் படுகையில் பெறப்பட்ட, 9 மீற்றருக்கு மேற்பட்ட ஆழங்கொண்ட படிவொன்றின் அடித்தளம் ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் பழமையானதென ஆய்வாளர் கணித்துள்ளனர். மிக மெதுவாக வளரும் இத்தகைய படிவு, தன் வரலாற்றின் பெரும்பகுதியில் ஈரமாகவே இருந்திருத்தல் வேண்டும். நிலம் அடிக்கடி உலர்ந்து எரிந்திருப்பின் இவ்வளவு ஆழத்துக்கு அது வளர்ந்திராது. ஆகவே, எழுத்தாவணங்கள் தோன்றுதற்கு முற்பட்ட காலத்தைப் பொறுத்தவரை, இந்நிலமே ஓர் ஆவணமாகின்றது எனலாம்.

ஆற்றங்கரைகளில் வாழ்ந்த ங்காஜு டயாக் மக்கள் நெருப்பை அறியாதவரல்லர். காட்டின் சிறு பகுதியை வெட்டி எரித்து நெல் விதைத்து, சில ஆண்டுகளின் பின் அந்நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் சுழற்சிப் பயிர்ச்செய்கை அவர்களின் தொன்மையான வாழ்வுமுறையாகும். ‘ஹண்டில்’ எனப்படும் சிறு கால்வாய்களையும், வெள்ள நீருடன் வரும் மீன்களைப் பிடிப்பதற்கு ‘பெஜே’ எனப்படும் குளங்களையும் அவர்கள் வெட்டினர். ஆயினும், இவை யாவும் ஆற்றை அண்டிய குறுகிய பரப்பினுள்ளேயே அமைந்தன. ஆழமான பீற் நிலத்தின் நடுப்பகுதி மரமும் பிரம்பும் பிசினும் பெறும் காடாகவே விடப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கப்புவாஸ் ஆற்றின் கிளையையும் பாரித்தோ ஆற்றையும் இணைத்து வெட்டப்பட்ட அஞ்சிர் செராப்பாட் கால்வாயும் கடற்கரையை அடுத்த தாழ்நிலத்திலேயே அமைந்தது. உள்நாட்டுப் பீற் நிலங்கள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன.

வரட்சியும் இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. பசுபிக் சமுத்திரத்தின் வெப்பநிலை மாற்றத்தால் நேரும் எல் நினோ நிகழ்வு போர்னியோவின் மழையைக் காலத்துக்குக் காலம் குறைத்து வந்துள்ளது. தென்னிந்தியாவில் தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துடன் தொடர்புடைய எல் நினோவே போர்னியோவிலும் கடும் வரட்சியை விளைவித்தது. நெருப்பும் வரட்சியும் பழமையானவையாயின், பெரும்புகையும் பழமையானதாக இருந்திருத்தல் வேண்டுமன்றோ என ஒருவர் வினவலாம். இதற்குரிய விடை எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்துள்ளது.

விமானங்கள் இறங்குவதற்கு எவ்வளவு தூரம் கண்ணுக்குப் புலப்படுகின்றது என்பதை விமான நிலையங்களிற் பணிபுரிவோர் நாள்தோறும் குறித்து வைப்பர். சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் 1960ஆம் ஆண்டு முதலாக இவ்வாறு பதியப்பட்ட குறிப்புகளை ஒன்றுதிரட்டி, ரொபேட் பீல்ட் முதலிய ஆய்வாளர் 2009இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சுமாத்திராவில் 1960களிலேயே வரட்சிக் காலங்களில் புகையினாற் பார்வைத் தூரம் குறைந்தமை அக்குறிப்புகளாற் புலனாயிற்று. கலிமந்தானிலோ 1960களிலும் 1970களிலும் வரட்சி நேர்ந்த ஆண்டுகளிலும் பெரும்புகை பதிவாகவில்லை. 1980களின் பின்னரே அங்கு வரட்சி தோறும் புகை தோன்றலாயிற்று. வானிலைப் பயன்பாட்டுக்காகப் பேணப்பட்ட சாதாரணக் குறிப்பேடுகள் இவ்வாறு வரலாற்றுச் சான்றாதாரங்களாக மாறின. வரட்சி முன்னரும் இருந்தது. அவ்வரட்சி புகையாக மாறியமையே புதியது என்பது இதனாற் பெறப்படும்.

இம்மாற்றத்துக்கான காரணங்களை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த நிலப்பயன்பாட்டு மாற்றங்களிலே காணலாம். பலங்கா ராயாவே இம்மாற்றங்களின் விளைவாகும். மத்திய கலிமந்தான் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்ட பின்னர், 1957 யூலை 17ஆம் தேதி, சனாதிபதி சுகர்ணோ பகண்டுட் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். டயாக் தலைவராகிய சிலிக் ரிவுட் இந்நகர் உருவாவதில் முன்னின்றவர். இன்று அந்நகரின் விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. நகரிலிருந்து செல்லும் வீதியொன்று சோவியத் நாட்டுப் பொறியியலாளரின் உதவியுடன் 1960களில் அமைக்கப்பட்டது. ஆறு ஒன்றே வழியாக இருந்த நாட்டில் வீதிகளும் வழிகளாயின. சுகார்த்தோவின் ஆட்சி நிலைபெற்ற பின்னர், மரம் வெட்டும் கம்பனிகளுக்குப் பரந்த காடுகள் உரிமமாக வழங்கப்பட்டன. சனநெரிசல் மிக்க யாவா முதலிய தீவுகளிலிருந்து மக்களைக் கொணர்ந்து குடியேற்றும் திட்டமும் விரிவடைந்தது. 1982–83ஆம் ஆண்டுகளின் கடும் வரட்சியின்போது கிழக்குக் கலிமந்தானில் மாத்திரம் 30 இலட்சம் எக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தீக்கிரையாயிற்று. வெட்டப்பட்ட காடு வெட்டப்படாத காட்டினும் எளிதில் எரியும் என்ற பாடத்தை அந்நிகழ்வு கற்பித்தது. எனினும் அப்பாடம் கொள்கை வகுத்தோரால் ஏற்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பலங்கா ராயாவின் காற்றைப் பொறுத்தமட்டில் 1995ஆம் ஆண்டே திருப்புமுனையாக அமைந்தது. 1980களின் நடுப்பகுதியில் அரிசியில் தன்னிறைவு எய்தியமைக்காகச் சர்வதேசப் பாராட்டைப் பெற்ற சுகார்த்தோவின் அரசு, 1990களில் மீண்டும் அரிசியை இறக்குமதி செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டது. யாவாவின் வயல்கள் தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் இடமளித்துச் சுருங்கின. இழந்த தன்னிறைவை மீட்கும் நோக்குடன், மத்திய கலிமந்தானின் பீற் நிலத்தில் 10 இலட்சம் எக்டேயரை நெல்வயலாக்குமாறு 1995 டிசெம்பரில் சனாதிபதி ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1996 முதல் இரண்டாண்டுகளுக்குள் 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமான கால்வாய்கள் வெட்டப்பட்டன. ககாயான், கப்புவாஸ், பாரித்தோ ஆகிய ஆறுகளை இணைத்த பிரதான கால்வாய் மட்டும் 187 கிலோமீற்றர் நீளமுடையது.

இத்திட்டத்தின் அடிப்படைத் தவறு நிலத்தின் வடிவத்தை உணராமையாகும். இரு ஆறுகளுக்கிடையேயுள்ள பீற் நிலம் கரைகளில் தாழ்ந்தும் நடுவில் உயர்ந்தும் குவிமாடம் போல அமைந்தது. ஆற்று நீர் அந்நடுப்பகுதியை எட்டுவதில்லை. மழைநீரே அங்கு தேங்கி நிற்கின்றது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் வயலுக்குப் பாய்ச்சுவதற்கே நெற்செய்கை நாடுகளில் கால்வாய் வெட்டப்படும். இங்கு வெட்டப்பட்ட கால்வாய்களோ மேட்டின் வயிற்றைக் கீறி, அதிற் சேர்ந்திருந்த நீரை ஆற்றுக்கு வடியச் செய்தன. நீர்ப்பாசனத்துக்கென வகுக்கப்பட்ட வேலை இவ்வாறு வடிகாலாக முடிந்தது. ஆழமான பீற் மண்ணின் அமிலத்தன்மையும் ஊட்டக் குறைவும் நெல்லுக்கு ஒவ்வாதனவாக இருந்தன. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கு குடியமர்த்தப்பட்டன. அவற்றுட் பல பின்னர் வெளியேறின. சுகார்த்தோ பதவி துறந்ததன் பின், 1999இல் திட்டம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. திட்டம் கைவிடப்பட்ட போதிலும் கால்வாய்கள் தூர்க்கப்படவில்லை. மரக்கடத்தற்காரர் தமக்கெனச் சிறு கால்வாய்களை வெட்டி மரங்களை மிதக்கவிட்டமையும் நீர் வடிதலை மிகுவித்தது.

கால்வாய்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, 1997இல், நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று வந்தது. மத்திய கலிமந்தானில் 25 இலட்சம் எக்டேயர் பரப்பை ஆராய்ந்த சூசன் பேஜ் முதலியோர், அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அவ்வாண்டு எரிந்ததென்றும், எரிந்த நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டது பீற் நிலமென்றும் 2002இல் எடுத்துக்காட்டினர். இந்தோனேசியாவின் பீற் நிலங்களிலிருந்து அவ்வாண்டு வெளியேறிய காபனின் அளவு 81 கோடி தொன்னுக்கும் 257 கோடி தொன்னுக்கும் இடைப்பட்டதென அவர்கள் மதிப்பிட்டனர். உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரிக்கப்படுவதனால் ஓராண்டில் வெளியேறும் காபனில் இது 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமமாகும். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேமிக்கப்பட்டது சில மாதங்களிற் புகையாயிற்று.

பீற் நிலத்தின் தீ மற்றைய தீயினின்றும் வேறுபட்டது. அது சுவாலையின்றி, மண்ணினுள்ளே கனன்று கனன்று மெதுவாகப் பரவும். ஒட்சிசன் போதாது நிகழும் இத்தகனம் காபனோரொட்சைட்டையும் நுண்துகள்களையும் மிகுதியாக வெளிவிடுகின்றது. சூடு குறைந்த அப்புகை வானில் உயர எழாது தரையை ஒட்டியே தங்கும். காற்றோட்டம் அடங்கும் இரவில் அது தாழ்ந்து செறிவதனால், விடியற்காலையிலே நகரின் காற்று மிகவும் கெடுகின்றது. மேலே ஊற்றும் நீரால் இத்தீ எளிதில் அணைவதில்லை. மழையினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தாலன்றி அது முடிவதில்லை. நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்ந்த பீற் நிலத்தைச் சேதமுற்றதெனக் கொள்ள வேண்டுமென 2014ஆம் ஆண்டின் இந்தோனேசிய அரசாங்க ஒழுங்குவிதி கூறுவதும் இக்காரணம் பற்றியே. எனவே, காற்றின் தரத்தை நிர்ணயிப்பது நிலத்தின் அடியிலுள்ள நீர் என்று கூறுதல் மிகையாகாது.

இப்புகையின் மனிதவிலை என்ன? 1997ஆம் ஆண்டின் மரணங்கள் புகையினால் நேர்ந்தவை எனப் பெரும்பாலும் பதிவாகவில்லை. மூச்சடைப்பு, காய்ச்சல் என்பனவே சாவுக்குக் காரணங்களாகக் கூறப்படும். சீமா ஜெயச்சந்திரன் என்ற பொருளியலாளர் 2000ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டைக் கொண்டு இதனை வேறு வழியில் அணுகினார். புகை சூழ்ந்த மாதங்களில் கருவிலோ சிசுப் பருவத்திலோ இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை, புகை செறிந்த பிரதேசங்களில் எதிர்பார்த்ததினும் குறைந்து காணப்பட்டது. அவ்வாறு காணாமற்போனோர் 15,600 பேரென அவர் 2009இல் மதிப்பிட்டார். குடிசன மதிப்பீட்டின் வெற்றிடமொன்றே இங்கு சான்றாகின்றது. பதிவுகளில் இடம்பெறாதோரின் வரலாற்றை எழுத முனைவோர் இம்முறையை ஊன்றிக் கவனித்தல் தகும்.

இப்புகை பற்றிய எழுத்துகளிற் பெரும்பாலானவை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மையமாகக் கொண்டு அமைந்துள்ளமையும் நோக்கற்பாலது. எல்லை கடந்த புகை பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002இற் கைச்சாத்திடப்பட்டது. இந்தோனேசியா 2014இலேயே அதனை உறுதிப்படுத்தியது. 2013 யூனில் சுமாத்திராவின் தீயினால் சிங்கப்பூரின் மாசுச் சுட்டெண் 401 ஆக உயர்ந்தபோது அச்செய்தி உலகெங்கும் பரவியது. 2015 செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் பலங்கா ராயாவின் சுட்டெண் சில நாட்களில் 1,000ஐயும் கடந்தது. இந்தோனேசிய அளவுமுறையில் 300க்கு மேற்பட்டதே அபாயகரமானதாகும். பகலிலும் வானம் மஞ்சள் நிறமாகத் தோன்றியது; பாடசாலைகள் மூடப்பட்டன; விமானப் போக்குவரத்து தடைப்பட்டது. புகை எல்லையைக் கடந்தபோது அது இராசதந்திரப் பிரச்சினையாயிற்று. எல்லைக்குள்ளே நின்றபோது அது பருவமாகக் கருதப்பட்டது. தீக்கு மிக அண்மையில் வாழ்ந்தோர் வரலாற்றில் மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டனர்.

2015ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் 26 இலட்சம் எக்டேயர் எரிந்ததெனவும், நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 1,610 கோடி அமெரிக்க டொலர் எனவும் உலக வங்கி கணித்தது. இதனைத் தொடர்ந்து 2016இல் பலங்கா ராயா மக்கள் சிலர் சனாதிபதி உட்பட அரசாங்கத்துக்கு எதிராக அந்நகர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். இழப்பீட்டுப் பணத்தை நாடாது, தீயைத் தடுக்கும் ஒழுங்குவிதிகளையும், புகையால் நோயுற்றோருக்கான மருத்துவ வசதிகளையுமே அவர்கள் கோரினர். 2017இல் அந்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமும், 2019இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தன. ஆயின் 2022இல், அரசாங்கத்தின் மீளாய்வு மனுவை ஏற்று அதே அதியுயர் நீதிமன்றம் முன்னைய தீர்ப்பை மாற்றியது. முடிவு எவ்வாறாயினும், புகையை விதியெனவும் பருவமெனவும் கொள்ளாது, பொறுப்புக்கூற வேண்டிய செயலின் விளைவென மக்கள் நீதிமன்றத்தில் வாதித்தமை இந்நகரின் வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும்.

பொறுப்புப் பற்றிய விவாதத்தில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. சுழற்சிப் பயிர்ச்செய்கையாளரின் நெருப்பே காரணம் என்பர் ஒருசாரார். எண்ணெய்ப்பனை முதலிய தோட்டக் கம்பனிகளே காரணம் என்பர் மற்றொரு சாரார். 2015இன் பின் எரித்தல் கடுமையாகத் தடைசெய்யப்பட்டபோது, நெருப்பின்றி நிலம் பண்படுத்த வசதியற்ற ஏழை விவசாயிகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர். தீக்குச்சியைக் கிழித்தவர் யாரென்ற வினாவிலேயே இவ்விவாதம் தங்கிவிடுகின்றது. ஈரமான நிலத்தில் விழும் நெருப்பு வயலோடு அணைந்துவிடும். வடிந்துலர்ந்த நிலத்தில் விழும் அதே நெருப்பு மாதக்கணக்கிற் கனலும். டயாக் விவசாயியின் நெருப்பு பல தலைமுறை காலமாக மாறாதிருந்தது. அவன் காலடியிலிருந்த நிலமே மாறியது. அம்மாற்றத்தை விளைவித்தோர் யாரென்பதற்கு ஆணைகளும் உரிமங்களும் கால்வாய் வரைபடங்களும் சான்று பகர்கின்றன. தோட்டக் கம்பனிகளின் வடிகால்களும் இக்கணக்கிற் சேர்த்தெண்ணப்பட வேண்டியனவே.

இவ்வுண்மையை உள்ளூரில் உணர்ந்து செயற்பட்டோரும் உளர். பலங்கா ராயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவிடோ லிமின், 1997 முதல் கிராமத்து மக்களைக் கொண்ட தீயணைப்புக் குழுக்களை அமைத்தார். கால்வாய்களுக்குக் குறுக்கே அணையிட்டு நீரைத் தேக்கும் முயற்சியிலும் அவர் சார்ந்த ஆய்வு நிலையம் ஈடுபட்டது. 2004இல் செபாங்காவ் தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2016இல் பீற் நிலங்களை மீட்பதற்கென அரச நிறுவனமொன்று நிறுவப்பட்டு, 20 இலட்சம் எக்டேயரை மீண்டும் ஈரமாக்குதல் இலக்காக வகுக்கப்பட்டது. வெட்டியதை அடைத்தலே இப்பணிகளின் சாரம். ஆயினும் 2019இலும் 2023இலும் நேர்ந்த வரட்சிகளின்போது பலங்கா ராயா மீண்டும் புகையால் மூடப்பட்டது. 2020இல், கொள்ளைநோய்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டை அஞ்சிய அரசு, முன்னைய நெற்றிட்ட நிலத்தின் ஒரு பகுதியிலேயே புதிய உணவு உற்பத்தித் திட்டமொன்றை அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட அதே நோக்கமும் அதே நிலமும் மீண்டும் இணைக்கப்பட்டன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பலங்கா ராயாவின் வரட்சி பழமையானது, நெருப்பும் பழமையானது, நீரை இழந்த நிலம் மட்டுமே புதியது என்பது தெளிவாகும். எனவே அந்நகரின் காற்றின் வரலாறு, அடிப்படையில், அதன் நீரின் வரலாறேயாகும். இயற்கைப் பருவத்துக்குத் தோற்றக் காலம் கூறல் இயலாது. இப்புகைப் பருவத்துக்கோ ஆணையும் ஆண்டும் கால்வாயின் நீளமும் கூடக் கூறமுடிகின்றது. தோற்றம் உடையது முடிவும் உடையதாகலாம் என்பதால், இக்காலக் கணிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. அந்நகரில் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் வானை நோக்கி மழையை எதிர்பார்ப்போர் ஒருபுறமிருக்க, கால்வாயில் நீர்மட்டத்தை அளந்து அணையைச் செப்பனிடுவோரும் உளர். வரலாறு இரண்டாமவர் பக்கமே சான்று பகர்கின்றது.